பெரியவர் சொல்லும் வேண்டும், சென்சார் கோடும் வேண்டும்: துப்பாக்கி சுடப் பழக வருவோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கியைப் பற்றிப் பேசத் தெரியாத ஆள் கிடையாது. 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான். கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்ததே இங்கேதான் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர்களின் பிள்ளைகள், தோட்டத்து ஜாகா (காவல்) வேலை பார்த்தவர்கள், ரேலா தன்னார்வப் படையில் இருந்தவர்கள், பன்றி வேட்டைக்குப் போனவர்கள் என்று ஒரு தலைமுறை இன்னும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுகிறது. பக்கத்து மேசையில் பையன்கள் கைத்தொலைபேசியில் பப்ஜி ஆடுகிறார்கள். இரண்டு மேசைக்கும் சுடத் தெரியும் என்ற நினைப்பு உண்டு.

இந்த வழிகாட்டி, சுடுவதை விளையாட்டாகக் கற்க நினைக்கும் புதியவர்களுக்கு. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒலிம்பிக்கில் இருக்கிற போட்டி, உதைப்பு அநேகமாக இல்லை, ஒரு மண்டபம் கிடைத்தால் நடத்திவிடலாம். இதில் பெரியவர்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, கருவிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. எதை யாரிடம், எப்போது கேட்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். என் கணக்கு இதுதான்: கையும் காலும் மூச்சும் பழைய முறையிலேயே பழகட்டும். அதில் எங்கே பிழை என்று தேடும் வேலையைக் கருவியிடம் விடுங்கள். கருவியை முதலில் வாங்கிவிட்டு உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் அநேகமாக ஒரு வருடத்துக்குள் நின்றுவிடுகிறார்கள்.

முதலில் சட்டம்

"காற்றுத் துப்பாக்கிதானே, பொம்மை மாதிரி" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் என்று எதையெல்லாம் சொல்கிறதோ அதில் காற்று ரைஃபிளும் காற்றுப் பிஸ்டலும் அடக்கம். உரிமம் இல்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருந்து பிடிபட்டால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. போலித் துப்பாக்கியையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. தாய்லாந்தின் ஹட்ஜாய் போய்வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கி வரும் பிபி துப்பாக்கி, இணையக் கடையில் பார்க்கும் ஜெல் துப்பாக்கி எல்லாம் வம்பை விலை கொடுத்து வாங்குவதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தோட்டப்புறத்தில் இது சகஜம். மாமாவிடம் லைசென்ஸ் உள்ள செனப்பாங் (வேட்டைத் துப்பாக்கி) இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை செம்பனைக்குள் போய் நான்கு தோட்டா சுட்டுப் பார்க்கலாம் என்பார்கள். மாமாவின் லைசென்ஸ் மாமாவுக்கு மட்டும்தான். வேட்டைக்கு வனவிலங்குத் துறையின் உரிமம் வேறு தனியாக வேண்டும். மாமாவின் துப்பாக்கியைத் தொடாமலேயே நீங்கள் சுடக் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே எதையும் வாங்காதீர்கள். மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தைத் தேடிப் போங்கள், நம் ஊர்க்காரர்கள் ஈப்போவில் விசாரிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். மாநிலங்களுக்கு இடையிலான சுக்மா போட்டிக்கு மாநில அணி தயார் செய்கிறவர்கள், பல்கலைக்கழக அணிகள், போலீஸ், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் வழி கிடைத்துவிடும். சங்கத்தில் கேட்க வேண்டியவை: பாதுகாப்பு வகுப்பு தனியாக உண்டா, சங்கத்துத் துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்குவார்களா, புதியவர் சுடும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் அப்பாவோ அம்மாவோ முதல் நாள் கூடவே போவது நல்லது.

ரைஃபிளா, பிஸ்டலா?

இரண்டும் சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட் என்ற சிறு குண்டைத்தான், தூரமும் அதே பத்து மீட்டர்தான். மற்றதெல்லாம் வேறு. ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம், இரண்டு கையாலும் தோளோடு அணைத்துப் பிடிக்கலாம். அதன் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. பிஸ்டல் ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும், பெரும்பாலும் ஒரு கிலோ பக்கம். அதை ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். அதனால் அதன் பத்துப் புள்ளி வட்டம் பெரிது, 11.5 மில்லிமீட்டர்.

ரைஃபிளுக்குக் கெட்டித் துணியிலோ தோலிலோ தைத்த ஜாக்கெட்டும் காற்சட்டையும் போடுவார்கள். குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில், பேராக்கின் பிற்பகலில், அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பழக நினைக்கும் பெரியவர்களுக்கு நான் பிஸ்டலைத்தான் சொல்வேன். ஒரு தட்டையான காலணி போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கத்தில் ஜாக்கெட் கிடைத்தால் ரைஃபிள் நல்லது. ஆரம்பத்திலேயே அட்டையில் பலன் தெரிவதால் பிள்ளைகள் சலித்துக்கொள்வதில்லை.

பெண்களுக்கு இது ஒத்து வருமா என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சுர்யானி முகமட் தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று பத்து மீட்டர் ரைஃபிள் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக்கில் அதே போட்டியில் சுட்டிருக்கிறார். இதற்கு மேல் என்ன சொல்வது?

எந்தக் கை என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்தக் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து ஒரு சிறிய ஓட்டை செய்து, அதன் வழியாகத் தூரத்துத் தென்னையில் ஒரு காயைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். இப்போது ஒரு கண்ணை மூடினால் காய் அங்கேயே இருக்கிறதா, மறைந்துவிடுகிறதா? எந்தக் கண் திறந்திருக்கும்போது காய் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருப்பது உண்டு. அதை முதல் நாளே கோச்சிடம் சொல்லிவிட வேண்டும். இடக்கைக்காரர்கள் இடக்கையிலேயே பழகுங்கள். பாட்டி "பீச்சாங்கை" என்று அதட்டிய பழக்கத்தில் வலது பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டாம். இடக்கைக்கென்றே கைப்பிடி செய்து விற்கிறார்கள்.

பெரியவர்களிடம் கற்க வேண்டியது

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து ஜாகாவாக ரொம்ப காலம் இருந்தவர், இப்போது பேரப்பிள்ளைகளுடன் தாமானில் குடியிருக்கிறார். அவரை ஒரு நாள் சங்கத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். கோச் ஒரு பிஸ்டலைத் திறந்து, உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டி, மேசையில் வைத்தார். எல்லாரும் பார்த்தோம், பெரியவரும் பார்த்தார். எடுத்துப் பாருங்கள் என்றதும் அவர் முதலில் செய்த காரியம், குழலைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, மறுபடி திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெல்லட் போடும் இடத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தது. பிறகு சுண்டுவிரலால் தடவியும் பார்த்தார்.

"தாத்தா, இப்பதானே கோச் காட்டினாரு?" என்றான் ஒரு பையன்.

"அவரு பாத்தது அவருக்கு, தம்பி. நான் பாக்குறது எனக்கு."

பாதுகாப்பு வகுப்பில் இரண்டு மணி நேரம் சொல்வது இதைத்தான். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கம். சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிகருக்கு (சுடும் விசைக்கு) வெளியே, கட்டையோடு நேராக. பெரியவர் பாஷையில் ட்ரிகர்தான் குதிரை, "குதிரையில விரல வைக்கிறது கடைசி வேலை." இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. தோட்டத்தில் பன்றியின் பின்னால் லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்கலாம், ஆள் இருக்கலாம் என்று பயந்து பயந்து பழகியவர்களுக்கு இது இரத்தத்தில் ஊறியிருக்கிறது. இப்போது போட்டிகளில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீண்ட இழையைச் செருகி, துப்பாக்கி காலி என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பது விதி. நல்ல ஏற்பாடு. ஆனால் இழையைப் பார்த்துவிட்டு உள்ளே பார்க்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இழையும் இருக்கட்டும், பெரியவரின் சுண்டுவிரலும் இருக்கட்டும்.

அவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டிய இன்னொன்று, நிற்பது. தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் விடிகாலை நின்றவர்கள், இரவெல்லாம் ஸ்டோர் வாசலில் காவல் நின்றவர்கள் அவர்கள். கால் மாற்றாமல், கைபேசியைத் தடவாமல், சும்மா நிற்கத் தெரியும். புதியவர்களில் பாதிப் பேருக்கு இது வராது. வாய்ப்பு கிடைத்தால் துப்பாக்கி எடுக்கும் முன் பத்து நிமிடம் அவர்களோடு நின்று பாருங்கள், எவ்வளவு நெளிகிறோம் என்று தெரியும்.

சிலம்பம் பழகியவர்களுக்கு ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. பாதத்தில் பாரம் எங்கே இறங்குகிறது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது லாபம். ஆனால் முழங்காலை மடக்கி, எந்த நொடியும் நகரத் தயாராக நிற்பது சிலம்பத்தின் உயிர். இங்கே முழங்கால் நேராக, விறைப்பில்லாமல், நகரவே போவதில்லை என்பதுபோல நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே மாலையில் பழகினால் உடம்பு குழம்பும். நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் கேட்காமல் விட வேண்டியது

மரியாதை வேறு, பாடம் வேறு. நம் பெரியவர்கள் பெரும்பாலும் கையாண்டது பன்னிரண்டு போர் (12-bore) வேட்டைத் துப்பாக்கி. அது ஒரே நேரத்தில் பல குண்டுகளைப் பரப்பிச் சுடும். ஓடும் பன்றியோடு குழலை ஓட்டிக்கொண்டே போய் இழுக்க வேண்டும், நின்று நிதானித்தால் பன்றி போய்விடும். அவர்கள் "பாத்தியா, இழுத்துரு" என்று சொல்வது அந்தத் துப்பாக்கிக்குச் சத்தியமான வார்த்தை. பத்து மீட்டர் பெல்லட்டுக்கு அதுவே விஷம். இங்கே இழுப்பதே கிடையாது. விரல் மெல்ல அழுத்திக்கொண்டே போகும்போது சுடுவது தானாக நடந்துவிட வேண்டும்.

ஒரு கண்ணை இறுக்கி மூடு என்பார்கள். மூடினால் முகத்துச் சதை இறுகும், திறந்த கண்ணும் சீக்கிரம் களைக்கும். இரண்டு கண்ணையும் திறந்தே வையுங்கள். குழப்பமாக இருந்தால் குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு மறைப்பு வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது.

நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து அடக்கு என்பார்கள். யோகா வகுப்புக்குப் போகிறவர்களும் கும்பகம் அது இது என்று வருவார்கள். நிறைந்த நெஞ்சு ஆடும், நீண்ட நேரம் அடக்கினால் பார்வை மங்கும். சாதாரணமாக இரண்டு மூச்சு விட்டு, மூன்றாவதை வெளியே விட்டு, அடுத்த மூச்சு தானாக எழுவதற்கு முன் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் சுடுங்கள். ஐந்திலிருந்து எட்டு நொடிக்குள் முடிந்துவிட வேண்டும். முடியவில்லையா, துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கு யாரும் புள்ளி குறைப்பதில்லை.

வீட்டில், துப்பாக்கி இல்லாமல்

வாரத்துக்கு ஒரு முறை ஈப்போ போய்வருவதே நம்மில் பலருக்குப் பெரிய காரியம். மற்ற நாட்களில் வீட்டிலேயே நிறைய செய்யலாம், ஒரு ரிங்கிட் செலவில்லை.

சாமி படம் போட்ட காலண்டரில் இன்றைய தேதி எவ்வளவு பெரிதாக இருக்கும்! அதற்கு நேர் எதிரே, பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலம், சும்மா இருக்கும் கை காற்சட்டைப் பைக்குள். கண்ணை மூடிக்கொண்டு சுடும் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, உடம்பைத் தளர்த்தி, அப்புறம் கண்ணைத் திறங்கள். விரல் தேதியைக் காட்டுகிறதா, பக்கத்திலிருக்கும் இராகு காலத்தைக் காட்டுகிறதா? தள்ளிப் போயிருந்தால் கையை நகர்த்தாதீர்கள். பின்னங்காலை ஒரு விரல்கடை நகர்த்தி மறுபடி பாருங்கள். கண்ணைத் திறந்ததும் விரல் தேதியில் நிற்கும் வரை காலைத்தான் நகர்த்த வேண்டும். கையால் இழுத்துப் பிடித்துக் குறி பார்ப்பவருக்குப் பத்தாவது குண்டுக்குள் தோள் களைத்துவிடும், கை தானாக இருக்க விரும்பும் இடத்துக்கு ஓடும். உடம்பே குறி பார்த்து நிற்கும்படி செய்வதுதான் இந்தப் பயிற்சி. பெரியவர்களின் "நிக்கிற நிலை சரியா இருந்தா குறி தானா வரும்" என்ற பேச்சும், இன்றைய பயிற்சி நூல்கள் சொல்லும் இயல்பான குறிநிலையும் சந்திக்கிற இடம் இது.

அடுத்து, அரை லிட்டர் தண்ணீர் போத்தல். கதவு நிலையின் நேர்க்கோட்டை எதிரே வைத்துக்கொண்டு, போத்தலைக் கை நீட்டிப் பிடித்து, மூடி அந்தக் கோட்டை விட்டு விலகாமல் பதினைந்து நொடி. ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. சில வாரம் போனதும் ஒரு லிட்டர் போத்தல், அது பிஸ்டலின் எடைக்குப் பக்கத்தில் வரும். தோள் வலித்தால் நிறுத்துங்கள். வீறாப்பு காட்டி மூட்டைக் கெடுத்துக்கொண்டால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். போத்தலுக்குப் பதிலாகப் பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சன்னலோரம் நிற்காதீர்கள். ரோட்டில் போகிறவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

சுடுதளத்தில் முதல் நாட்கள்

கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். 'ஸ்டாப்' கேட்டால் பாதி அழுத்திய ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும். யார் கத்தினாலும் சரி, ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் பெல்லட் இல்லாமல் சுடப் பழக்குவார்கள். சலிப்பாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்யுங்கள். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு, ட்ரிகர் மட்டும் வேலை செய்யும், காற்று வெளியேறாது. பழைய ஸ்பிரிங் துப்பாக்கியில் இதைச் செய்யக் கூடாது. பெல்லட் தடுக்காவிட்டால் உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும். இந்தப் பயிற்சியில் பழைய ராணுவத்து வித்தை ஒன்று இன்றும் நிற்கிறது: குழலின் மேல் முன்னால் ஒரு பத்து சென் காசை வைத்து, காசு விழாமல் ட்ரிகரை அழுத்துவது. முதல் நாள் காசு உருண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டுமே!

ட்ரிகர் அவ்வளவு லேசு. விதிப்படி பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், ரைஃபிளுக்கு அந்த வரம்பும் இல்லை. பப்ஜி விரலோடு வருகிறவர்கள் தட்டிவிடுவார்கள். தட்டாமல், விரல் நுனிச் சதையால், நேராகப் பின்னோக்கி.

பெல்லட் ஈயம். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிற மக்கள், ஆகவே இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. சுடுதளத்தில் நொறுக்குத்தீனி வேண்டாம், பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் வேண்டவே வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். அப்புறம்தான் நாசி லெமாக். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், தூக்குவதற்கு முன் சட்டையையும் மாற்றிவிடுங்கள்.

கண் எதைப் பார்க்க வேண்டும்?

புதியவர்கள் அதிகம் புள்ளி இழப்பது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால் மூன்று பொருள் இருக்கிறது: துப்பாக்கியின் மேல் குறி பார்க்க இருக்கும் பின் சைட்டின் பள்ளம், முன் சைட்டின் தூண், அதற்கப்பால் இலக்கின் கறுப்பு. மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கும் கண்ணைக் கடவுள் யாருக்கும் கொடுக்கவில்லை. லாஸ்தீக்கில் (கவணில்) ரப்பர் கொட்டையை வைத்து மாங்காய் அடித்து வளர்ந்தவர்களுக்கு மாங்காயைப் பார்த்தே பழக்கம். பிஸ்டலில் இலக்கைப் பார்த்தால் தொலைந்தோம். முன் சைட் கத்தி முனைபோலத் தெளிவாக இருக்க வேண்டும், இலக்கு மங்கலான கறுப்பு உருண்டையாகத் தெரிந்தால் போதும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் சுமார் 32 சென்டிமீட்டர். இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும், அட்டையில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பின் பள்ளத்துக்குள் முன் தூண் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தால், பத்து மீட்டரில் அது 31 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்து விழ வேண்டிய குண்டு ஏழில் விழும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் கண் இலக்குக்கு ஓடிவிடுகிறது. உலகச் சாம்பியன் கையும் ஆடும். அதை ஆட விட்டு, தூணும் பள்ளமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிஸ்டலில் கறுப்பின் நடுவில் குறி வைப்பதில்லை. கறுத்த தூண் கறுப்பில் கலந்து மறைந்துவிடும். கறுப்புக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையில் நிறுத்தி, குண்டு நடுவில் விழும்படி சைட்டைத் திருகி வைத்துக்கொள்வார்கள். ரைஃபிளில் கதை வேறு. முன் சைட் ஒரு வளையம், அதற்குள் கறுப்பை நடுவில் நிறுத்துவதுதான் வேலை.

கருவிகள் எப்போது, எந்த அளவுக்கு?

முதல் கருவி உங்கள் பையில் இருக்கும் கைத்தொலைபேசி. கோச்சிடம் அனுமதி கேட்டு, பக்கவாட்டிலிருந்து மெதுவான ஓட்டத்தில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். சுடுவதற்கு அரை நொடிக்கு முன் தோள் எழும்புகிறதா, சுட்ட உடனே தலை தூக்குகிறீர்களா என்பது தெரிந்துவிடும். பெரியவர் பின்னால் நின்று பார்த்து "தலைய ஆட்டாத" என்று சொன்னால் நாம் நம்பமாட்டோம், வீடியோ காட்டினால் நம்புவோம். காலம் அப்படி.

இரண்டாவது, ஸ்காட் (SCATT) போன்ற சென்சார் கருவிகள். குழலில் ஒரு சிறு பெட்டியை மாட்டினால், நீங்கள் குறி பார்த்த பாதை முழுதும் திரையில் கோடாக விழும், கடைசி நொடி வேறு நிறத்தில் தெரியும். தனியாக வாங்குவதற்கு விலை அதிகம், சங்கத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள். கோடு நிதானமாக வந்து கடைசிக் கணத்தில் மட்டும் துள்ளினால் கோளாறு விரலில். நடுவுக்கு வந்து, விலகி, மறுபடி வந்து என்று அலைந்தால் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சுட்ட மறுகணமே கோடு கீழே விழுந்தால் சுட்டதும் கையைப் போட்டுவிடுகிறீர்கள். சுட்ட பிறகும் இரண்டு நொடி அப்படியே நிற்க வேண்டும். பத்து சென் காசு விழுந்ததா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம், எந்தக் கணத்தில் என்று சென்சார் சொல்லும். காசில் தேறாதவர் சென்சாருக்குப் போனால் கோடெல்லாம் நூல்கண்டு சிக்கியதுபோல இருக்கும், அதில் படிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே காசு முதலில்.

சென்சாரைத் தினமும் மாட்டாதீர்கள். ஒரு நாள் பார்த்து, ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, சில வாரம் அதை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி பார்த்தால் போதும். மூன்று பிழையை ஒரே நாளில் திருத்தப் போகிறவர் மூன்றையும் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

மின்னணு இலக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்துத் திரையில் புள்ளி விழும். வசதிதான், ஆனால் புதியவரின் கண் சுடுவதற்கு முன்பே திரைக்குத் தாவ ஆரம்பிக்கும். கோச் ஒத்துக்கொண்டால் முதல் பத்துக் குண்டு வரை திரையை ஒரு துண்டால் மூடிவிடுங்கள். ஒவ்வொரு குண்டையும் சுட்டதும் அது எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பத்தும் முடிந்ததும் திறந்து பாருங்கள். நீங்கள் சொன்னதும் திரை காட்டுவதும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நீங்கள் சைட்டைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் வாட்சாப்பில் ஒரே சண்டை. துருக்கியின் யூசுஃப் டிக்கெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்று, காற்றுப் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கினார். தென்கொரியாவின் கிம் யேஜி ஒற்றை லென்சும் மறைப்பும் மாட்டிய தனிக் கண்ணாடியோடு பெண்கள் காற்றுப் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார். "பார், கருவியே வேண்டாம்" என்று ஒரு கட்சி, "கருவி இல்லாமல் முடியாது" என்று ஒரு கட்சி. டிக்கெச்சுக்கு அப்போது வயது 51, 2008-இலிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் சுட்டவர். அவர் முகத்தில் ஒன்றும் மாட்டாததைப் பார்த்தவர்கள், அவர் பிடித்திருந்ததும் நவீனப் போட்டிப் பிஸ்டல்தான் என்பதைப் பார்க்கவில்லை. கிம்மின் கண்ணாடியைப் பார்த்தவர்கள் அவர் நின்ற நிலையைப் பார்க்கவில்லை. நீங்கள் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதையே போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். முன் சைட் தெளியவே இல்லை என்றால் கண் மருத்துவரிடம் கை நீட்டும் தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் போட்டிக்குப் போகும்போது

கோப்பி-ஓவை அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், கை நடுக்கம் சைட்டில் தெரியும். அதற்காகப் பட்டினியும் கிடக்காதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நடுக்கத்தைக் குறைப்பதால் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங்கில் வடகொரியாவின் கிம் ஜோங்சு இதனால்தான் இரண்டு பதக்கத்தையும் பறிகொடுத்தார். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரையும் சங்கத்தையும் கேளுங்கள்.

முதலில் 15 நிமிடம் தயாராவதற்கும் சுட்டுப் பார்ப்பதற்கும், பிறகு 60 குண்டு. மின்னணு இலக்கு என்றால் 75 நிமிடம், காகித அட்டை என்றால் 90 நிமிடம். புதியவர்கள் பயத்தில் பாதி நேரத்திலேயே முடித்துவிடுவார்கள். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் பிறகு துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பிஸ்டலில் முழுப் புள்ளி 600, ரைஃபிளில் தசமக் கணக்கு என்பதால் 654. இந்த எண்களை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பத்துக்கும் எதிரே புள்ளி ஒரு பத்தி, எத்தனை முறை துப்பாக்கியைச் சுடாமல் இறக்கினீர்கள் என்பது இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் அந்த நோட்டை அப்படியே கோச்சிடம் காட்டுங்கள், அடுத்த வாரத்துப் பாடம் எது என்று அவர் அதைப் பார்த்தே சொல்வார்.